6500ன்னா வெலையா, வெளிச்சமா?

கதவத் தொறந்ததும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா கண்ணு? நாலு மாடி ஏறுனதுல கண்ணு இருட்டிப் போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா இருட்டல, ஊடு முச்சூடும் ஊதாவாகிக் கெடக்குது. நானும் இருவது வருசம் ரேடியோ செட்டு வெச்சுக் காங்கயத்துச் சுத்துப்பட்டு நோம்பிக்கெல்லாம் ட்யூப்லைட்டு கட்டுனவன். ஊதா வெளக்கை எங்க கட்டுவோம் தெரியுமா? டான்ஸ் ஆடற மேடையில. ஆடறவங்க மொகத்துல பவுடரு எத்தனை பூசியிருக்குதுன்னு தெரியக் கூடாதுன்னு. நீ என்னத்தடா மறைக்கப் பாக்கறே?

இந்தா, முருங்கக்காய வாங்கி உள்ள வெய்யி. உங்க அப்பத்தா ரெண்டு தேங்காயும் குடுத்துவுட்டிருக்கறா. தண்ணி கொண்டா, குடிச்சுட்டுப் பேசறேன்.

மீனா வளக்கறே? எங்கடா மீனு? கல்லைத்தானே பாக்கறேன். ஓ, கல்லுக்குப் பொறத்தால ஆறு பேரு ஒண்டிட்டு நிக்கறாங்களே, அவிங்களா. கப்பியா? கப்பின்னா வாலை ஆட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னு சோறு கேக்கற சாதியாச்சே. இவிங்க என்னமோ கந்து வட்டிக்காரனைக் கண்ட மாதிரி ஒளிஞ்சு நிக்கறாங்க. மீனுக்கு இமை கெடையாது ராசா. உனக்குக் கூசுனா மூடிக்குவே. அதுக்குக் கூசுனா கல்லுக்குப் பொறத்தாலதான் போயி நிக்கோணும்.

செடியும் வெச்சிருக்கறயா? பச்சையாத் தாடி வளத்துக்கிட்டு நிக்குதே, இதா? நான் பாசின்னுல்ல நெனச்சேன். அடியில செடி இருக்குதா? சரி சரி. தாடிக்குள்ள மொகம் இருக்கத்தான செய்யும்.

வெளக்கு என்னன்னு கேட்டதுக்கு நீ "6500 அப்பாரு"ன்னே பாரு, என்ற நெஞ்சு ஒரு தடவ நின்னு ஓடுச்சு. ஒரு வெள்ளாட்டுக் கெடாக்குட்டி வாங்கலாமே அந்தக் காசுக்கு! அப்புறந்தான் சொல்றே, அது வெலையில்லீங்க, வெளிச்சத்தோட நெறத்துக்குக் கணக்கு, கெல்வின்னு பேருன்னு. சித்தெ மூச்சு வந்துச்சு. வெல 4,800ன்னு சொன்னதும் வந்த மூச்சும் போச்சு.

அந்தக் கெல்வின்னா என்னன்னு கடைக்காரன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கும் ஒருத்தன் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்றேன் கேளு. சின்னப் பையனா இருந்தப்ப உன்னைக் கொல்லம்பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்குதா? கொழுவ அடுப்புல வெச்சுத் துருத்தி ஊதுனா மொதல்ல செவக்கும். இன்னும் ஊதுனா மஞ்சளாகும். இன்னும் ஊதுனா வெளுத்துப் போயிப் பாக்கவே கண்ணு கூசும். உருகாம அதுக்கு மேலயும் காய்ச்ச முடிஞ்சா நீலம் பாஞ்சிரும். எந்தச் சூட்டுல எந்த நெறம்னு அளந்து, அந்த நம்பரையே வெளக்குக்கும் ஒட்டிட்டாங்க, அத்தனைதான் சங்கதி. பழைய குண்டு பல்பு 2700. நடுப்பகல் வெளிச்சம் 5500லேருந்து 6500. கடல்ல இருக்கற பவளத்தைத் தொட்டியில வளக்கறவிங்க 10,000க்கு மேல, நீலமாப் போடுவாங்க. கெல்வின்ங்கறது வில்லியம் தாம்சன்னு ஒரு வெள்ளக்கார விஞ்ஞானிக்குக் குடுத்த பட்டம். அவரு வேலை பாத்த கிளாஸ்கோ காலேஜுக்குப் பக்கத்துல ஓடற ஆத்தோட பேரு அது. நம்மாளு ஒருத்தருக்கு ‘நொய்யல்’னு பட்டங் குடுத்து, அப்புறம் வெளக்குப் பொட்டியில 6500 நொய்யல்னு அச்சடிக்கற மாதிரி. எப்பிடித் தெரியும்னு பாக்கறயா? உன்ற தங்கச்சி ப்ளஸ் டூ புஸ்தகத்தையெல்லாம் ஊட்டோட போட்டுட்டுப் போயிட்டா. எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல.

இதுல கூத்து என்னன்னா, 6500ங்கறது நம்மூர்ல ஒண்ணும் அபூர்வச் சரக்கு இல்ல. கூல் டே லைட்டுன்னு போட்டு ஊட்டுக்கு ஊடு எரியற ட்யூப்லைட்டு பூராவும் 6500தான். நான் நோம்பிக்குக் கட்டுனதும் அதேதான். சமயக்கட்டுல உங்கம்மா தலைக்கு மேல எரியறதையே பணங் குடுத்து வாங்கிட்டு வந்து, அதையும் அந்த நெறத்துல எரிய வுடாம ரிமோட்டுல பதனாறு நெறத்தையும் சுத்திச் சுத்திப் பாத்து ஊதாவுல நிறுத்தியிருக்கறே. நெசத்தச் சொல்லோணும்னா செடிக்கு 5000மும் ஒண்ணுதான், 7000மும் ஒண்ணுதான். 2700 மஞ்ச வெளக்குலகூட அது வளரும். தொட்டித் தண்ணி டீ டிக்காசனாட்டத் தெரியும், பாக்கற உனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நெறங்கறது பாதிக்கு மேல உன்ற கண்ணுக்குத்தான்.

ஊதாவுலதான் செடி நல்லா வளரும்னு எங்கியோ படிச்சேன்னு சொல்றயே, அது முழுப் பொய் இல்ல. எல செவப்பையும் நீலத்தையும் அள்ளித் திங்கும். பச்சையக் கொஞ்சம் தின்னுட்டு மிச்சத்தத் துப்பிரும். துப்புனதுதான் நம்ம கண்ணுக்கு வருது, அதனாலதான் எல பச்சை. செவப்பு, நீலம் மட்டும் போட்டு நாத்தங்கால் வெச்சிருக்கறவனுக்கு ஊதா வெளக்கு லாபம். அவன் நாத்தை விக்கப் போறான், உக்காந்து பாக்கவா போறான்? உனக்குச் செடி பச்சையாத் தெரியோணும்னா வெளக்குல பச்சை இருக்கோணும். வெளக்குல இல்லாததை எல எங்கிருந்து துப்பும்? பாரு, உன்ற செடி எண்ணெயில போட்ட கருவேப்பிலையாட்டக் கறுத்துத் தெரியுது. வெள்ளையப் போடு, எல்லா நெறமும் அதுக்குள்ள இருக்குது. எல்.ஈ.டி. வெள்ளையின்னா அது உள்ளுக்குள்ள நீலந்தான். நீல வெளக்கு மேல மஞ்சப் பூச்சு பூசி வெள்ளையாக்கறாங்க.

அந்த நீல எல்.ஈ.டி.யக் கண்டுபிடிச்சதுக்கு 2014ல மூணு பேருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. அதுல ஒருத்தரு பேரு ஹிரோஷி அமானோ. நீ கம்ப்யூட்டர்ல மீன்தொட்டிப் படம் காமிச்சியே, கல்லும் புல்லுமா மலையடிவாரமாட்டம், அதை வெச்சவரு பேரு என்னன்னே? தகாஷி அமானோ. இவரு வேற, அவரு வேற. ரெண்டு பேரும் ஜப்பான்காரங்க. ஒரு அமானோ வெளக்கைக் குடுத்தாரு, இன்னொரு அமானோ தொட்டியக் காமிச்சாரு. தொட்டியில பாசி திங்கற ஒரு எறாலுக்குக்கூட அமானோ எறால்னு அந்த ரெண்டாமத்தவரு பேருதான். ஆக வெளக்கு, தொட்டி, பாசி மூணையும் அமானோ பாத்துக்குவாரு. நீ பாத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அளவு. அதைத்தான் கோட்டை வுட்டுட்டே.

அளவுக்கு வருவோம். பொட்டியக் கொண்டா. 36 வாட்டு, 3,600 லூமன். சரி. ஒரு காலத்துல கேலனுக்கு இத்தனை வாட்டுன்னு கணக்குப் போடுவாங்க. அது ட்யூப்லைட்டுக் காலத்துக் கணக்கு. வாட்டுங்கறது கரண்டு தின்னற அளவு, கறக்கற அளவு இல்ல. எங்க குண்டு பல்பு 60 வாட்டு தின்னுட்டு 700 லூமன் கறக்கும், மீதியெல்லாம் சூடாப் போயிரும். இப்ப 9 வாட்டு எல்.ஈ.டி. பல்பு 800, 900 கறக்குது. தவுட்டை அளந்து பாலுக்குக் கணக்குச் சொல்லுவானா ஒருத்தன்? கறந்ததைத்தான அளக்கோணும்? லூமனைப் பாரு. லூமனும் மனுசக் கண்ணுக்குன்னு வெச்ச அளவுதான். செடிக்குன்னு ‘பார்’னு தனிக் கணக்கு இருக்குது, அதை அளக்கற மீட்டரு வெலையக் கேட்டா உன்ற 4,800 சில்லறைக் காசு. வெள்ளை வெளக்குக்கு லூமனே போதும். ஊதாவுக்குத்தான் லூமன் பொய் சொல்லும்.

தொட்டி ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஒசரம். கணக்குக்கு 56 லிட்டரு. கல்லு, மண்ணு, மேல வுட்ட எடமெல்லாம் போனா 45 லிட்டருன்னு வெச்சுக்க, மூணு கொடம். இந்த மாதிரி லேசான செடிக்கு லிட்டருக்கு 15லேருந்து 20 லூமன் இருந்தாப் போதும். 40க்கு மேல போனா அது பெரிய பண்ணையம், அதுக்குக் கேஸ் சிலிண்டரு, ஒரமெல்லாம் வேணும். இப்ப வகுத்துப் பாரு. 3,600ஐ 45ஆல வகுத்தா என்ன வருது? 80. எண்பது! மூணு கொடந் தண்ணிக்கு நீ கிரிக்கெட் கிரவுண்டு வெளக்கை மாட்டியிருக்கறே. உனக்கு வேண்டியது 700லேருந்து 900. ரெண்டடி பேட்டன் லைட்டு ஒண்ணு, 10 வாட்டு, கரண்டு சாமான் கடையில முன்னூறு ரூவாய்க்குள்ள வாங்கியிருக்கலாம். ‘அக்வேரியம்’னு ஒரு வார்த்தை பொட்டியில இல்லாததுதான் அதுக்குக் கொறை.

நீளத்தையும் பாக்கோணும். உன்ற சிநேகிதன் ஊட்ல நடுவுல ஒரு பல்பைத் தொங்கவுட்டிருக்கான், நடுவுல இருக்கற செடி கொழுத்துப் போயி நிக்குது, மூலையில இருக்கறது பஞ்சத்துல அடிபட்டதாட்டம் இருக்குது. தொட்டி எத்தனை நீளமோ வெளக்கு ஏறக்குறைய அத்தனை நீளம் இருக்கோணும். ஆழத்தையும் பாரு. ஒரு அடிக்கு நான் சொன்ன கணக்கு செல்லும். ஒண்ணரை, ரெண்டடி ஆழம்னா கீழ போற வெளிச்சம் கொறையும். நம்ம கெணத்துல உச்சி வெயில் நேரந்தவிர அடிப்படி தெரியுமா?

கெணறுன்னதும் ஞாபகம் வருது. சின்ன வயசுல மத்தியானம் கெணத்துல குதிச்சு முங்குனா, தண்ணிக்குள்ள இருக்கற படியில பாசி மேல முத்து முத்தாக் கொமிழ் ஒட்டியிருக்கும். கையால தடவுனா மொலுமொலுன்னு மேல ஏறும். காலையில முங்குனா இருக்காது. நாங்க அதைப் பாசிக்கு வேர்க்குதுன்னு சொல்லிட்டிருந்தோம். இதையே 1779ல இங்கன்ஹவுஸ்னு ஒரு டச்சு வைத்தியரு, ஆஸ்திரியா ராணிக்கு வைத்தியம் பாத்தவரு, கண்ணாடிச் சாடியில எலையப் போட்டுப் பாத்திருக்காரு. வெயில்ல வெச்சாக் கொமிழ் வருது, இருட்டுல வெச்சா வர்றதில்ல. சூட்டுனால வருதோன்னு அதையும் சோதிச்சு, சூடு இல்ல, வெளிச்சந்தான்னு எழுதி வெச்சாரு. எனக்குக் கோவம் என்னன்னா, நான் கெணத்துல முங்கறப்பவே அவரு கண்டுபிடிச்சு எரநூறு வருசம் ஆகப் போகுது, எங்க வாத்தியாரு ஒரு வார்த்தை சொல்லல.

சரி, வெளிச்சந்தான் செடிக்குச் சோறுன்னா எச்சாப் போட்டா என்ன தப்புன்னு கேக்கறே. நல்ல கேள்வி. தோட்டத்துல ரெண்டு தண்ணித் தொட்டி இருக்குதில்ல? ஒரே கொத்தனாரு, ஒரே வாரத்துல கட்டுனது. தண்ணியும் ஒரே கெணத்துத் தண்ணி. ஒண்ணு வேப்ப மரத்தடியில, இன்னொண்ணு களத்து மேட்டுல, மொட்டை வெயில்ல. களத்துத் தொட்டியத் தேங்காத் தொட்டியும் மட்டையும் வெச்சுத் தேச்சுக் கழுவிச் சுண்ணாம்படிச்சு தண்ணி வுட்டா, எட்டாம் நாளு உள்ள கைவுட்டாக் கை தெரியாது. தண்ணியே பச்சைச் சாயமாகிப் போயிரும். வேப்ப மரத்துத் தொட்டியில ஒரு மாசம் கழிச்சும் ஒரு ரூவாக் காசு விழுந்தாப் பூவா தலையான்னு மேல நின்னே சொல்லிரலாம். அதுல கொசுவுக்குன்னு வுட்ட கப்பி மீனு இன்னிக்கு நூறுக்கு மேல பெருகிக் கெடக்குது. நம்ம காங்கயம் பசு வேப்ப மரத்துத் தொட்டியிலதான் வாய் வெக்கும். எருமை ரெண்டுலயும் குடிக்கும். அதுக்கு நாசூக்குக் கெடையாது, நம்மள மாதிரி.

அந்தக் களத்துத் தொட்டியில உங்கொப்பன் ஒரமா போட்டான்? விதையா தூவுனான்? வெயிலு மட்டுந்தான் எச்சு. பாசிக்கு ஒண்ணும் வேண்டாம், மீனு பேண்டது, தின்னது போக மிஞ்சுனது, இதுக்கு மேல வெளிச்சம் கெடச்சாப் போதும், ராத்திரியோட ராத்திரியாக் குடியேறிரும். செடி அப்பிடியில்ல. அதுக்கு வேர் வுடோணும், எல வுடோணும், நாள் ஆகும். நீ செடிக்குன்னு எல போட்டுப் பந்தி விரிச்சே. செடி கை கழுவிட்டு வர்றதுக்குள்ள கூப்புடாத ஒறம்பரை உக்காந்து ரெண்டாம் சோறு கேக்குது. அதுதான் இந்தத் தாடி.

இன்னும் ஒண்ணு. வாய் ஒடைஞ்ச மொடாவுல எத்தனை ஊத்துனாலும் ஒடைஞ்ச மட்டத்துக்குத்தான் தண்ணி நிக்கும். லீபிக்னு ஒரு ஜெர்மன்காரரு வெள்ளாமைக்கு இதைத்தான் கணக்காச் சொன்னாரு, அவரோட கணக்கை மரப்பீப்பான்னு சொல்லுவாங்க, நமக்கு மொடா. தண்ணிக்குள்ள இருக்கற செடிக்கு எப்பவும் பஞ்சம் கரியமில வாயுவுக்குத்தான். அது ஒடைஞ்ச மட்டத்துல இருக்கறப்ப நீ வெளிச்சத்த மட்டும் கொட்டுனா வழிஞ்சு பாசிக்குத்தான் போகும். அதுக்குத்தான் படத்துல காமிக்கற தொட்டிக்காரங்க சிலிண்டரு வெச்சு வாயு வுடறாங்க. நீ சிலிண்டரு வாங்கறேன்னு ஆரம்பிச்சறாதே. உங்க அப்பத்தாவுக்கே ஊட்ல ரெண்டு சிலிண்டர்தான்.

செடி என்னென்ன வெச்சிருக்கறே? அனுபியாஸ். ஆப்பிரிக்காவுல காட்டு ஓடையோரம் மர நெழல்ல கெடக்கறது அது. அதைப் போயி மேடையில நிக்க வெச்சிருக்கறே. அது எல வுடறதே மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ, அந்த எல மேல பச்சைப் பொட்டு ஒட்டிக்கிட்டு வுட மாட்டீங்குது பாரு. அதோட தண்டை மண்ணுக்குள்ள பொதைச்சிருக்கறே, எடுத்துக் கல்லு மேல கட்டி வுடு, இல்லீனா அழுகிரும். ஜாவா ஃபெர்னும் அதே கதைதான். இது? கிரிப்டோகோரின் வெண்டியை. இது இலங்கைச் சரக்கு, அந்தத் தீவைத் தவிர வேறெங்கியும் தானா மொளைச்சதில்ல. இதோட பங்காளி ஒருத்தன் நம்ம தென்னாட்டு ஆத்துப் படுகையிலயே இருக்கான். நாட்டு மருந்துக் கடையில நாட்டு அதிவிடயம்னு கெழங்கு விப்பாங்களே, அவன்தான். இந்தச் சாதி முழுசும் எடம் மாத்துனாலோ வெளிச்சத்தத் திடீர்னு மாத்துனாலோ எல கரைஞ்சு மொட்டையா நிக்கும். புதுசா ஹாஸ்டல்ல வுட்ட பையனாட்டம். பொசுக்குன்னு பிடுங்கி எறிஞ்சராதே, வேர் இருந்தா ஒரு மாசத்துல தழைச்சு வந்துரும்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் போனா கொடிக்கால் பாரு கண்ணு. வெத்தலக் கொடி வெக்கறதுக்கு முன்னால அகத்திய வெதைப்பாங்க. அகத்தி வளந்து நெழல் குடுத்ததுக்கப்புறந்தான் கொடி. வெயில்ல காயற வெத்தலைய எவன் மடிப்பான்? உன்ற தொட்டியில இருக்கறதெல்லாம் கொடிக்கால் சாதி. நீ சோளக்காட்டு வெயிலக் குடுக்கறே. செவப்புச் செடி, தரையில பாய் விரிச்ச மாதிரிப் படர்ற புல்லு, இதுக தான் சோளக்காட்டுச் சாதி. அது வேணும்னா வெளக்கு, சிலிண்டரு, ஒரம், வாரம் ரெண்டு நாள் கத்தரிக்கோல் எல்லாம் வேணும். ஆபீசுல சனிக்கெழமையும் வரச் சொல்றாங்கன்னு அழுவறவனுக்கு அது ஆகாது.

மேல மெதக்கற செடி நாலு வுட்டாலும் அகத்தி மாதிரி நெழல் குடுக்கும். ஆகாயத்தாமரை குட்டி போதும். ஆனா எச்சா மொளைச்சதை எடுத்துக் கொளத்துல வீசிராதே. அள்ளிக் குப்பையில போடு, இல்லீனா பூந்தொட்டிக்குப் போடு. கொளத்துல போயித் தண்ணி தெரியாம மூடுனதுக்கப்புறம் மிசின் வெச்சு அள்ளறாங்க.

அளவுல பாதி வெளக்கு, பாதி மணி. எத்தனை மணிக்குப் போடறே? எந்திரிச்சதும் போட்டு, ராத்திரி படுக்கறப்ப நிறுத்துவியா? அப்ப பதனாலு மணி நேரம். நாமக்கல்லுல முட்டைக் கோழிக்குத்தான் 16 மணி நேரம் வெளிச்சம் காமிச்சு முட்டை வாங்குவாங்க. உன்ற கப்பி முட்டையே போடாது, குட்டி போடற சாதி. என்ன வசூலு பண்ணலாம்னு பாக்கறே? புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம், செடி வேர் புடிச்சதும் ஏழு, எட்டு. அதுக்கு மேல தாடி வளக்கறவனுக்கு. நீ ஆபீஸ் போயிட்டு வந்து பாக்கோணும்னா மத்தியானம் மூணு மணிக்கு எரிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு அணையட்டும். செடி கடியாரம் பாக்கறதில்ல. நடுவுல கொஞ்சம் தூங்க வுட்டாலும் நல்லதுன்னு டயானா வால்ஸ்டாட்னு ஒரு அமெரிக்க அம்மணி சொல்றாங்க. மண்ணைப் போட்டுச் சிலிண்டரே இல்லாமச் செடி வளக்கறதைப் பத்தி 1999ல புஸ்தகம் எழுதுனவங்க. மத்தியானத்துல வெளக்கைச் சில மணி நேரம் அணைச்சு வெச்சா தீந்து போன கரியமில வாயு தண்ணியில மறுபடி ஊறுமாம். அந்த அம்மணிய நான் நேர்ல பாத்ததில்ல, ஆனா மத்தியானத் தூக்கத்தை ஆதரிக்கறவங்க யாரா இருந்தாலும் நான் அவங்க பக்கம்.

இதையெல்லாம் நெனப்பு வெச்சுப் போட்டு அணைக்க உன்னால ஆகாது. உன்னாலன்னு இல்ல, என்னாலயும் ஆகாது. தோட்டத்துல ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா மோட்டாரு தானா ஓடறது நான் முழிச்சிருக்கறதுனாலயா? ஆட்டோ ஸ்டார்ட்டரு இருக்கறதுனால. உனக்கும் ஒரு டைமரு வேணும். சுத்தியும் பல்லு இருக்கற உருண்டை டைமரு, ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம், பிளக்குல சொருகி அது மேல வெளக்கைச் சொருகறது. 4,800க்கு வெளக்கு வாங்குனவன் அதுக்குக் கணக்குப் பாத்தியாக்கும்.

கரண்டுக் கணக்கும் சொல்லிர்றேன். 36 வாட்டு, பதனாலு மணி நேரம், நாளைக்கு அரை யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்டு. சர்க்காரு சும்மா குடுக்கற கரண்டுல அத்தனையும் நீ பாசிக்குக் குடுத்திருக்கறே. நான் சொன்ன 10 வாட்டு, ஏழு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு நாலு யூனிட்டுக்குச் சித்தெ மேலதான் வரும்.

சன்னலுக்குப் பக்கத்துல வேற வெச்சிருக்கறே. மேக்குப் பாத்த சன்னலு. பொழுதோட வெயில் நேரா உள்ள வுழும். டைமரு வெச்சாலும் சூரியன் ஸ்விட்ச்சு உன்ற கையில இல்ல. தொட்டிய நவுத்த முடியாது, அம்பது கிலோவுக்கு மேல இருக்கும். திரைச்சீலையாச்சும் இழுத்து வுடு.

இந்த வயரு ஏண்டா இப்பிடித் தொங்குது? தொட்டி மேல இருந்து நேராப் பிளக்குக்கு எறங்குது. தண்ணி சொட்டுனா வயரைப் புடிச்சுட்டே போயிப் பிளக்குக்குள்ள எறங்கும். வயரு பிளக்குக்குக் கீழ ஒரு தொங்கு தொங்கி மறுபடி மேல ஏறிச் சொருகற மாதிரி வுடோணும். சொட்டற தண்ணி அந்தத் தொங்குல நின்னு தரையில வுழுந்துரும். ரேடியோ செட்டு வேலையில நான் மொதல்ல கத்துக்கிட்டது இதுதான். மழையில நனைஞ்ச வயரு ஒரு தடவ என்னைத் தூக்கிப் போட்டுது, எந்திரிச்சு உக்காந்தப்ப நோம்பி முடிஞ்சு போச்சு. தொட்டிக்குள்ள கைவுடறதுக்கு முன்னால ஸ்விட்ச்சு அணைக்கோணும். லொள்ளு பேசறேன்னு இதையும் சிரிச்சுத் தள்ளிராதே.

ரிமோட்டக் கொண்டா இங்க. பதனாறு நெறத்துக்குக் கீழ ஒரு ஓரமா ரெண்டு அம்புக்குறி இருக்குதே, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அது எதுக்குன்னு அமுக்கிப் பாத்தியா? இல்லையா? நானாச்சும் பாக்கறேன். மொதல்ல வெள்ளை. ஆங். இப்ப கீழ், கீழ், கீழ். இருவத்தஞ்சுன்னு காமிக்குது. 3,600ல கால் பங்கு 900. வந்துருச்சு பாத்தியா கணக்கு? பொட்டியிலயே பொத்தான் குடுத்திருக்கான், நீ டான்ஸ் பொத்தானை மட்டும் அமுக்கிட்டு இருந்திருக்கறே. வெளக்கைத் தூக்கி எறிய வேண்டாம், தப்பிச்சே. இதை ரெண்டு மூணு வாரம் இப்பிடியே வெச்சுப் பாரு. தினத்துக்கும் ஒண்ண மாத்துனா எதனால என்னாச்சுன்னு தெரியாது. செடி மேல மேல எட்டிப் பாத்துக்கிட்டு, எலைக்கும் எலைக்கும் எடைவெளி வுட்டு ஒல்லியா வளந்தா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம், ரெண்டு அமுக்கு மேல அமுக்கு. கண்ணாடி மூணு நாளைக்கொருக்கா பச்சையடிச்சா எச்சுன்னு அர்த்தம், கீழ அமுக்கு. இருக்கற தாடியப் பழைய பல்லு வெளக்கற பிரஷ்ஷுல சுத்தி எடுத்துப் போட்டுரு. வாரத்துக்கு ஒரு கொடந் தண்ணி மாத்து.

சித்தெ சத்தம் போடாம இரு. அங்க பாரு. கல்லுக்குப் பொறத்தால இருந்து ஒருத்தன் தலைய நீட்டறான். அந்த ஆரஞ்சு வாலுக்காரன். வெளிய வந்துட்டான். பின்னாலயே ரெண்டு பேரு. இத்தனை நாளா உனக்கு மீனு வாலு ஆரஞ்சுன்னு தெரியுமாடா? பொய் சொல்லாதே, இந்த ஊதாவுல நீ என்னத்தக் கண்டே.

மணி மூணரை ஆச்சு, நான் கெளம்பறேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல காங்கயம் வண்டியப் புடிச்சாத்தான் இருட்டறதுக்குள்ள ஊடு போயிச் சேருவேன். முருங்கக்காய நாளைக்கே சாம்பார்ல போட்டுரு, முத்திப் போயிரும். அடுத்த அமாவாசை கழிச்சு வருவேன். வர்றப்ப அந்த டைமரு மாட்டியிருக்கோணும். இல்லீனா இந்த ஆறு பேரையும் தூக்குப்போசியில போட்டு வேப்ப மரத்துத் தொட்டிக்குக் கொண்டு போயிருவேன்.